கோரைக்குப்பம் மலைநாட்டில் இருந்தபோது

ஒரு ஊரிலே, ஊர் என்றால் கடலை வாசலாகவும் தார்ச்சாலையைக் கொல்லையாகவும் வைத்துக்கொண்டு, வாசலில் கிடைத்ததைக் கொல்லை வழியாக விற்று வயிறு வளர்த்த ஓர் ஊரிலே, எதுவும் ஏலம் போகாமல் நடந்ததில்லை. மீன் ஏலம் போகும், அது எல்லாக் குப்பத்திலும் போகும். கோரைக்குப்பத்தில் மாரியம்மன் தேர்வடத்தின் முதல் பிடி ஏலம் போகும், அம்மன் காலடியில் உருண்ட எலுமிச்சம்பழம் ஏலம் போகும், பள்ளிக்கூடத்துக் கொடிக்கயிற்றை இழுக்கிற கை ஏலம் போகும், பெரிய வீட்டுச் சாவில் முதல் மாலை போடுகிற உரிமைகூட ஒரு தடவை ஏலம் போயிருக்கிறது. அதனால் மீனவர் சங்கத்துக் கம்ப்யூட்டர் நோயில் விழுந்து, உள்ளே கிடந்ததையெல்லாம் வழித்தெறிந்துவிட்டுப் புதுசாகச் சிஸ்டம் ஏற்ற வேண்டும் என்று ஆனபோது, அதில் முதன்முதலாகக் கைவைக்கிற உரிமையையும் பஞ்சாயத்தார் ஏலம் விட்டார்கள்.

சங்கத்தில் டோக்கன் அடித்துக் கொடுக்கிறவள் அமராவதி. அவள் அடித்துக் கொடுக்கிற சீட்டு இல்லாமல் எந்த விசைப்படகும் கடலில் இறங்கக் கூடாது. கம்ப்யூட்டர் படுத்த நாளிலிருந்து டோக்கன் இல்லை, டோக்கன் இல்லாததால் படகுகளெல்லாம் கரையில் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. அதற்கு முன்னாலேயே சீட்டு வாங்கிப் போயிருந்த ஒரே ஒரு படகுதான் வெளியே இருந்தது. அதில் ஸ்ராங்காக, படகை ஓட்டிப் போனவன் அமராவதியின் தம்பி சிங்காரவேலு, அவனோடு இன்னும் நாலு பேர். இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. ஊர் மறந்த இடம் இதுதான்.

ஏலத்தை எடுத்தவர் ஐஸ்கம்பெனி தெட்சிணாமூர்த்தி. ஊர் மீனுக்கெல்லாம் ஐஸ் அவருடையது, ஐஸ் உருகி ஓடுகிற சாக்கடையும் அவருடையது. பட்டு வேட்டி கட்டி, மாலை போட்டுக்கொண்டு வந்து, கம்ப்யூட்டர் முன்னால் சப்பணமிட்டு உட்காரப் போனவரை டவுனிலிருந்து சிஸ்டம் போட வந்த ரெஜினா நாற்காலியில் உட்காரவைத்தாள். பென்டிரைவைச் சொருகினாள். திரை நீலமாகி எந்த மொழி என்று கேட்டது. தமிழ் என்று அவர் அமுக்கியபோது ஊர் கைதட்டியது, ஒருவன் விசிலடித்தான், பூசாரி மௌசுக்குக் குங்குமம் வைத்தார். அடுத்து எந்த நாடு என்று கேட்டது.

"அண்ணே, இது இல்ல," என்றாள் ரெஜினா. "உருட்டிக்கிட்டே வந்தா கீழ இந்தியா வரும். அதத் தொடுங்க."

தெட்சிணாமூர்த்தி கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, நான் ஏலம் எடுத்தது எதை?"

"முதல் மரியாதைய."

"அப்ப மொதல்ல நிக்கிறவன உட்டுட்டு நடுவுல கெடக்கிறவன நான் ஏன் தொடணும்? தேரு இழுக்கையில மொதப்புடி எனக்குன்னா, வடத்து நடுவுலயா போயி புடிப்பேன்?"

கூட்டம் சிரித்தது. சிரித்த சிரிப்பில் நியாயம் அவர் பக்கம் போய்விட்டது.

"அண்ணே, அது மரியாதை இல்லண்ணே, அட்ரஸு," என்றாள் அமராவதி. "நம்ம சங்கம் எந்த நாட்டுல இருக்குன்னு கேக்குது."

"சபையில பேசுறப்ப நடுவுல வராத புள்ள," என்றார் பஞ்சாயத்துத் தலைவர், நாட்டார் அஞ்சாப்புலி. "காசு கட்டுனது அவரு. அவரு எங்க தொடுறாரோ அதான் எடம்."

அமராவதியின் புருஷன் திருமேனி ஓரத்தில் நின்று அவளுக்குக் கண்ணால் சாடை காட்டினான், வாயை மூடு என்று. ரெஜினாவும் அடுத்த கடைக்குப் போக வேண்டியவள், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் பையை மூடினாள். தெட்சிணாமூர்த்தி வரிசையின் தலையில் நின்ற நாட்டை அமுக்கினார். அது நாலு பக்கமும் மலை சூழ்ந்து, கடல் என்பதைப் படத்தில் மட்டும் பார்த்திருக்கிற நாடு. திரை சரி என்றது. பூசாரி சூடம் காட்டினார்.

சூடம் அணைவதற்குள் ஊர் ஒரு சத்தம் நின்றுபோனதைக் கேட்டது. பிறந்ததிலிருந்து காதுக்குள் ஓடிக்கொண்டிருந்த சத்தம், தூங்கும்போதும் புணரும்போதும் பிணம் தூக்கும்போதும் பின்னால் ஓடிய சத்தம் நின்றுவிட்டதும், எல்லாரும் ஒரே நேரத்தில் தங்கள் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். வெளியே வந்து பார்த்தால் கடல் இல்லை. படகுகள் சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தன. கண்ணுக்கு எட்டிய மட்டும் ஈரத் தரை, அதற்கப்பால் வானம்.

கடல் உள்வாங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று அந்த ஊரில் நடை பழகாத பிள்ளைக்கும் தெரியும். ஏற்கனவே ஒரு தடவை உள்வாங்கித் திரும்பி வந்து பாதி ஊரைக் கொண்டுபோன கடல் அது. கிழவிகளை முதுகில் தூக்கிக்கொண்டு, ரேஷன் கார்டை ஜாக்கெட்டில் சொருகிக்கொண்டு, ஊரே ஓடிப்போய்ப் புறவழிச்சாலை மேம்பாலத்தில் ஏறி நின்றது. லாரிகள் ஆரனடித்துக்கொண்டு போயின. கடல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் ஒருவன் கட்டிலை எடுத்து வரலாமென்று போனான், போனவன் திரும்பவில்லை, என்னவென்று பார்த்தால் கடலிருந்த இடத்தில் தனக்கென்று எல்லைக் கம்பு நட்டுக்கொண்டிருந்தான்.

அமராவதி மேம்பாலத்திலிருந்து நேராகச் சங்கத்துக்கு ஓடினாள். ஜன்னலோரத்தில் இருந்த வயர்லெஸ் பெட்டியில் தம்பி கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

"கோரக்குப்பம், கோரக்குப்பம். யாராச்சும் இருக்கீங்களா? ஓவர்."

"தம்பி, அக்காடா! எங்கடா கெடக்க? கடலு போயிடுச்சுடா!"

"கடலா?" கரகரவென்று ஒரு சிரிப்பு வந்தது. "கடலு இஞ்சதாங்க்கா கெடக்கு. எந்தப் பக்கம் திரும்புனாலும் அதான் கெடக்கு. கரையத்தான் காணும். கரை எங்கக்கா போச்சு? ஜீபிஎஸ்ஸு நம்ம ஊரு இருந்த எடத்துல மலையக் காட்டுது."

அவள் ரெஜினாவுக்குப் போன் போட்டாள். ரெஜினா அதிர்ச்சியெல்லாம் அடையவில்லை, பிரிண்டரில் பேப்பர் சிக்கிக்கொண்டதைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டாள். "அட்ரஸ மாத்திக் குடுத்தா கூரியர் எப்படிக்கா வரும்? அந்த நாட்டுக்குக் கடலு கெடையாதுல்ல, அதான் போயிருக்கு. செட்டிங்ஸ்ல நாட்டை மாத்திட்டு ஒரு தடவ அணைச்சுப் போடுங்க. வந்துடும்."

இரண்டு தட்டு, ஓர் அணைப்பு, அவ்வளவுதான் வேலை. ஆனால் அன்றைக்குப் பூராவும் கரண்ட் இல்லை, பேட்டரியில் வயர்லெஸ் மட்டும் ஓடியது. மறுநாள் காலை அவள் போனபோது சங்கத்துக் கதவில் பஞ்சாயத்தின் பூட்டுத் தொங்கியது. அதற்குள் ஊர் கடலின் தரையைப் பார்த்துவிட்டது.

என்ன பார்த்தது என்று கேட்டால் சொல்லவே குமட்டும். கடல் போன இடத்தில் ஊர் தன் குடலைத் தானே பார்த்தது. ஐஸ்கம்பெனிக் குழாய் கக்கிய கறுப்புச் சகதி, இறால் பண்ணைக்காரர்கள் இரவோடிரவாகக் கொட்டிய நுரை, பிள்ளைகளுக்குக் கட்டிய நாப்கின் மலை, குவாட்டர் பாட்டில்கள், கிடாவெட்டின் குடல்கள், போன பிள்ளையார் சதுர்த்தியின் தும்பிக்கைகளும் அதற்கு முந்தைய சதுர்த்தியின் வயிறுகளும், அலை கொண்டுபோன வருஷம் ஊருக்கு உதவியென்று வந்து யாரும் தொடாமல் தூக்கியெறிந்த பழந்துணி மூட்டைகள். எல்லாவற்றின்மேலும் செத்த சொறிமீன்கள் சளிபோல வழிந்து கிடந்தன. ஊர் மூக்கைப் பொத்திக்கொண்டது. பொத்திய கையை எத்தனை நேரம்தான் வைத்திருக்க முடியும்? பிறகு அந்தக் கையிலேயே டேப்பைப் பிடித்து அளக்க ஆரம்பித்தது.

அளந்ததில் கெட்டிக்காரன் திருமேனி. அதுவரை வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தவனின் இடுப்பில் இரும்பு டேப்பு ஏறியது, காதில் போன் ஏறியது, வாயில் "பார்ட்டி" என்ற சொல் ஏறியது. டவுனிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். கடலிருந்த இடம் என்ன வகை நிலம் என்று அவர்களுக்குள் ஒரு மணி நேரம் பேசி, கடைசியில் நீர் இல்லாததால் நீர்நிலை இல்லை என்று முடிவு செய்து இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள். மீன்வளத் துறை அதிகாரி மட்டும் தன் பங்குக்கு, மலைநாட்டில் தனக்கு வேலை இல்லையென்று இடமாற்றம் கேட்டார். கட்சிக்காரர்கள் ஆளுக்கொரு கொடிக்கம்பம் நட்டார்கள். சகதியின்மேல் பிளீச்சிங் பவுடர் தூவி, பினாயில் தெளித்து, அதன்மேல் மல்லிகை வாசனை ஸ்பிரே அடித்து, "அம்மன் நகர், கடல் பார்த்த மனைகள்" என்று பேனர் கட்டினார்கள்.

"கடல்தான் இல்லையே?" என்று வாங்க வந்த ஒருவர் கேட்டார்.

"பேருதான சார், இருந்துட்டுப் போவுது," என்றான் திருமேனி. "ஆலமரத் தெருன்னா ஆலமரமா நிக்குது?"

அமராவதி பஞ்சாயத்தைக் கூட்டச் சொன்னாள். கூட்டினார்கள். கோயில் மண்டபத்தில் எல்லாரும் புதுச் செருப்போடு வந்து உட்கார்ந்தார்கள்.

"அஞ்சு பேரு தண்ணியில கெடக்கிறாங்க," என்றாள். "அரிசி தீரப்போவுது. ரெண்டே தட்டு, கடலு வந்துடும். பூட்டத் தொறங்க."

"நான் என்ன மாட்டேன்னா சொல்றேன்?" என்றார் நாட்டார் அஞ்சாப்புலி. "மனைப் பதிவு முடியட்டும். ஒரு நல்ல நாளாப் பாத்து மாத்திப்புடுவோம்."

"பதிவு முடிஞ்சு கடலு வந்தா, வித்த மனையெல்லாம் தண்ணிக்குள்ளல்ல போவும்?"

"அதத்தான நானும் சொல்றேன். பதிவு முடிஞ்சுட்டா கடலு வரக் கூடாதுல்ல?"

ஊர் தலையாட்டியது. சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்த அந்த நியாயத்தில் ஓட்டை எங்கே என்று அமராவதி தேடுவதற்குள், தெட்சிணாமூர்த்தி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: "அவனுவோ எங்க கெடக்கிறானுவோ? கடல்ல. மீன் புடிக்கிறவன் கடல்ல கெடந்தா என்னா புதுசு? காட்டுலயா கெடக்கிறானுவோ?" மண்டபம் குலுங்கச் சிரித்தது. அவளுக்கு அந்தச் சிரிப்பில் வெற்றிலை வாசனையும் பினாயில் வாசனையும் சேர்ந்தடித்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

பிறகு ஊர் தர்மமும் செய்தது. படகில் போனவர்கள் வீட்டுக்கு ஆளுக்கொரு மூலை மனை என்று எழுதினார்கள். மூலை மனைக்கு இரண்டு பக்கம் வழி, மதிப்பு அதிகம். முதல் வீடு வாங்கிக்கொண்டது. இரண்டாவது வீடு, மூலை சரியில்லை என்று மாற்றி வாங்கிக்கொண்டது. தம்பியோடு போன ஒருவனின் பெண்டாட்டி, தெருக் கோடியில் கைப்பிள்ளையோடு இருந்த குமுதவல்லி மட்டும் வாங்கமாட்டாள் என்று அமராவதி நம்பினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து புருஷன் கடலுக்குப் போனால் கரையில் வந்து உட்கார்ந்திருக்கிறவள் அவள். போய்ப் பார்த்தபோது குமுதவல்லி பத்திரத்தை அரிசிப் பானைக்குள் வைத்து மூடிக்கொண்டிருந்தாள்.

"எம்புள்ளைக்கு நாளைக்கு ஒரு பிடி மண்ணு வேணும்ல மதினி?" என்றாள் முகத்தைப் பார்க்காமல். "அவரு வந்தா, வீட்டைக் கட்டி வச்சிருக்காளேன்னு சந்தோசப்படுவாரு."

"எதுல வருவாரு? கடலு வந்தாத்தான வருவாரு? கடலு வந்தா ஓ வீடு எங்கடி இருக்கும்?"

குமுதவல்லி பிள்ளைக்கு முலையை மாற்றிக்கொண்டு, "நீங்க படிச்சவங்க மதினி. எனக்கு அவ்வளவு தூரமெல்லாம் நெனைக்கத் தெரியாது," என்றாள். அவளுக்கு நினைக்கத் தெரிந்திருந்தது. அதனால்தான் முகத்தைப் பார்க்கவில்லை.

கம்ப்யூட்டர் கைக்கு எட்டாது என்பதால், சங்கத்து ஜன்னல் வழியாகக் கையை விட்டு வயர்லெஸ் மட்டும் பேசிக்கொண்டிருந்தாள் அமராவதி. அதுதான் அவளுக்குச் சோறாகவும் தூக்கமாகவும் இருந்தது. தம்பி குரல் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மெலிந்தது. மழை பெய்தது, தார்ப்பாயில் பிடித்துக் குடித்தோம் என்றான். ஐஸ் கரைந்துபோச்சு, மீன் நாறுது, ஆனால் கடலில் கொட்ட மனசு வரலை என்றான். மாமா சுகமா என்று கேட்டான். ஒரு நாள் கையை விட்டால் பெட்டி குளிர்ந்து கிடந்தது. ஒயரைப் பிடுங்கிச் சுற்றி வைத்திருந்தார்கள்.

அன்று சாயங்காலம் திருமேனி கால் நிறையச் சேறோடு வந்து, கை கழுவிச் சோற்றில் உட்கார்ந்தான்.

"வயர்லெஸ்ஸ யாரு புடுங்குனது?"

"நாந்தான்." ரசத்தை ஊற்றிக்கொண்டான். "பெரிய பார்ட்டி வந்து நிக்கிறான் புள்ள. வெல பேசுற நேரத்துல ஒந்தம்பி 'தண்ணி இல்ல, தண்ணி இல்ல'ன்னு கத்துறான். கேக்குறவன் என்னா நெனைப்பான்? மனையில தண்ணி வசதி இல்லன்னுல்ல நெனைப்பான்?"

அவள் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுவிய விரல்தான். நகக்கண்ணில்கூட அழுக்கில்லை. அந்த விரல்கள் சோற்றைப் பிசைந்ததையும் வாய்க்குள் போனதையும் ஒவ்வொன்றாகச் சூப்பப்பட்டு வெளியே வந்ததையும் பார்த்தபோது, இந்தக் கையோடுதான் இத்தனை வருஷம் ஒரே வட்டிலில் தின்றோமா என்று அவளுக்கு உடம்பு கூசியது. அன்றிலிருந்து அவள் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பக்கத்துத் தெருவில் பூட்டிக் கிடந்த அப்பன் வீட்டைத் திறந்து பெருக்கிப் படுத்துக்கொண்டாள்.

கம்ப்யூட்டரை அம்மன் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நாட்டையே மாற்றின மிஷினைச் சங்கத்தில் வைப்பது மரியாதையில்லை என்று, அம்மனுக்கு இடது பக்கத்தில் கம்பிக் கதவு போட்ட அறை கட்டி, இன்வெர்ட்டர் வைத்து, விளக்கேற்றினார்கள். சாவி நாட்டார் இடுப்பில். வெள்ளிக்கிழமைதோறும் மௌசுக்குப் பாலாபிஷேகம், விசேஷ நாளில் தேனும் பஞ்சாமிர்தமும். பிள்ளையில்லாதவர்கள் வந்து சுற்றினார்கள். வீசா கிடைக்காதவர்கள் கீபோர்டின்மேல் பாஸ்போர்ட்டை வைத்து எடுத்தார்கள். எறும்புகள் மட்டும்தான் உண்மையான பக்தியோடு வந்து, வந்த இடத்திலேயே தங்கின.

ஆவணி முகூர்த்தத்தில் அம்மன் நகர் பூமி பூஜை வைத்தார்கள். கரையிலிருந்து நல்ல தூரம் தள்ளி, முன்பு ஆழம் என்று படகுகள் ஒதுங்கிப் போன இடத்தில் பந்தல். ஊர் முழுக்க அங்கே. மனை வாங்கினவர்கள் காரில் வந்து, செருப்பு சேற்றில் மாட்டாமலிருக்கப் பலகை போட்டு நடந்தார்கள். கோயிலிலிருந்து ஒயர் இழுத்து, மிஷினின் திருமுகம் பந்தலில் தெரியும்படி ஆள் உயரத்துக்கு மேல் ஒரு எல்இடி திரை. பூசாரி கலசத்தைத் தூக்குகிற நேரம் பார்த்துத் திரை கறுத்தது. புதுப்பிக்கப்படுகிறது, அணைக்க வேண்டாம் என்று எழுத்து வந்தது. பூசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார், ஊர் போட்டுக்கொண்டது. பிறகு திரை நீலமாகி, அன்றைக்குக் கேட்ட கேள்வியை மறுபடியும் கேட்டது: உங்கள் நாடு இதுதானா?

முதல் மரியாதை இந்தத் தடவையும் தெட்சிணாமூர்த்திக்குத்தான். கோயிலுக்கு ஆளனுப்பி மௌசை அமுக்கச் சொன்னார். அமுக்கினால் அசையவில்லை. தட்டிப் பார்த்தால் எறும்புகள் வந்தன. தேன் இறுகிப் பாறையாகியிருந்தது. வாங்க வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கீபோர்டு தெரிந்தவள் ஊரில் ஒருத்திதான்.

திருமேனி மூச்சிரைக்க அப்பன் வீட்டுக்கு ஓடிவந்து சாவியை நீட்டினான். "இந்தா அமரா, அது என்னமோ கேக்குதாம். 'ஆமா'ன்னு ஒரு தட்டுத் தட்டிட்டு வந்துடு. பார்ட்டியெல்லாம் நிக்கிறாங்க, நான் முன்னால போறேன்." அவள் வாங்கிக்கொண்டாள். அவன் டேப்பு குலுங்கத் திரும்பவும் பந்தலுக்கு ஓடினான். வருஷக்கணக்கில் அவள் தலையாட்டியே பார்த்தவன், இப்போதும் தலையாட்டுவாள் என்று நினைத்தான்.

அமராவதி கம்பிக் கதவைத் திறந்து உள்ளே போய், உள்பக்கமாகத் தாழ் போட்டாள். புளித்த பால் வாடை முகத்தில் அடித்தது. கீபோர்டின்மேல் கிடந்த வாடிய பூவைத் தள்ளினாள். அம்புக்குறிப் பொத்தானைக் கீழ்நோக்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

பந்தலில் ஊர் முழுக்க அதைப் பார்த்தது. முதலில் நின்ற நாடு வெளுத்தது, இரண்டாவது நாடு நீலமானது. பிறகு மூன்றாவது. நீலம் ஒவ்வொரு பெயராகப் படியிறங்கியது, தேர் நகர்வதுபோல நிதானமாக. தேர் நகர்வதைப் பார்க்கிற முகத்தோடுதான் முதலில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவனுக்கு உறைத்தது. "அடியே! இந்தியாவுக்குப் போறாடா!"

மைக்கை நாட்டார் பிடுங்கினார். குழாய் வழியாகக் கோயில் வரை கேட்டது. "அமராவதி, நிறுத்து புள்ள! ஒந்தம்பிக்கு ரெண்டு மனை!" நீலம் இறங்கியது. "மூணு! ரோட்டு மேல!" தெட்சிணாமூர்த்தி மைக்கை வாங்கினார். "தேருக்கு மொதப்புடி ஆயுசு முச்சூடும் ஓங்குடும்பத்துக்கு! ஒருதரம்!" என்று பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டார். ஏலம் ஏறிக்கொண்டே போனது, கேட்கத்தான் ஆளில்லை. நீலம் இந்தியாவில் வந்து நின்றது. அவள் சுண்டு விரலை எண்டரின்மேல் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

அவளுக்குத் தெரியும், அத்தனை பேரும் கடலுக்குள் நிற்கிறார்கள்.

ஏலத்துக்கு மசியவில்லை என்றதும் ஊர் ஓடிவர ஆரம்பித்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கெட்ட வார்த்தையால் அவள் அப்பன் பாட்டனையெல்லாம் தோண்டிக்கொண்டு, அவள் கையை ஒடித்து அடுப்பில் வைப்பதற்காக, சேற்றில் விழுந்து எழுந்து கரையை நோக்கி ஓடிவந்தது. கம்பிக்கதவு வழியாக அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். குமுதவல்லி பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள், கரையேறினாள். பூசாரி கலசத்தோடு கரையேறினார். மனை வாங்கினவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கரையேறினார்கள். அவளைக் கொல்ல வந்த கோபம் ஒவ்வொருவரையாகக் கடலிலிருந்து இழுத்துக் கரையில் போட்டது. திருமேனி வந்து கம்பியைப் பிடித்து உலுக்கினான். "கதவத் தொறடி! ஒரு தட்டுல எல்லாத்தையும் கெடுத்துப்புடாதடி!"

தெட்சிணாமூர்த்தி மட்டும் வரவில்லை. குறுக்கு வழியில் வந்தவர் தன் கம்பெனிக் குழாய் கக்கிய சகதியில் இடுப்புவரை இறங்கி நின்றார். "யாராச்சும் கைகுடுங்கடா" என்று கத்தினார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, எல்லாக் கண்ணும் அவள் சுண்டு விரலில் இருந்தது. அவளுக்கும் ஒரு கணம் விரல் கனத்தது. காட்டுலயா கெடக்கிறானுவோ என்று கேட்ட வாய் அது. தம்பியின் குரல் எத்தனை நாளைக்கு முன் நின்றது என்று நினைத்தாள். ஒவ்வொரு நொடியும் தண்ணீர் இல்லாத நொடி. கம்பி உலுங்கிக்கொண்டே இருந்தது, தாழின் ஆணி ஒன்று தெறித்து விழுந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அந்த ஆள் தவழ்ந்து, பட்டு வேட்டியைச் சகதிக்கே கொடுத்துவிட்டு, டவுசரோடு கரைமணலில் வந்து குப்புற விழுகிறவரைக்கும் காத்திருந்தாள். பிறகு அமுக்கினாள். பிறகு அணைத்துப் போட்டாள்.

முதலில் சத்தம் வந்தது. பிறகு கடல் வந்தது, கோபமொன்றும் இல்லாமல், வெளியூர் போய்த் திரும்பினவள் வீட்டுக்குள் நுழைவதுபோல, பந்தலையும் பேனரையும் கொடிக்கம்பங்களையும் ஓரமாக ஒதுக்கிவிட்டுத் தன் இடத்தில் வந்து படுத்தது. அதன் முதுகில் ஒரு படகு வந்தது.

ஐந்து பேரும் இருந்தார்கள். உதடு வெடித்து, கண் உள்ளே போய், ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். அமராவதி குடத்தோடு தண்ணீருக்குள் ஓடி, கையில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தாள். படகிலிருந்து வந்த நாற்றத்தில் நாய்கள்கூடப் பின்வாங்கின. ஐஸில்லாமல் அத்தனை நாள் கிடந்த மீன் பெட்டியோடு கூழாகியிருந்தது.

டவுசரோடு நின்ற தெட்சிணாமூர்த்தி சகதிக் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். "அழுவிப் போச்சு. கோழித் தீவனத்துக்குத்தான் ஆவும்," என்றார். மூக்கிலிருந்து கையை எடுத்தார். "சரி, யாரு கேக்குறா? ஒருதரம்…"

இரண்டு பேர் விலை கேட்டார்கள். அந்த நேரத்திலும் கேட்டார்கள்.

சிங்காரவேலு தண்ணீர் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தான். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. "யாருக்கா வயர்லெஸ்ஸ நிறுத்துனது?"

ஏலம் நின்றது. அடுப்பில் உலை வைத்திருக்கிறேன் என்று ஒருத்தி போனாள். பூசாரி நடை சாத்த வேண்டும் என்று போனார். மனை வாங்கினவர்கள் நாட்டாரிடம் பணத்தைக் கேட்டுக்கொண்டே போனார்கள், நாட்டார் அவர்களுக்கு முன்னால் போனார். தெட்சிணாமூர்த்தி வேட்டி எடுத்து வரப் போனார். குமுதவல்லி தன் புருஷனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு, வழி நெடுகப் பிள்ளைக்குப் பல் முளைத்த கதையைப் பேசிக்கொண்டே போனாள். மற்ற மூன்று பேரையும் அவரவர் வீட்டார் போர்வை போர்த்திக் கூட்டிப்போனார்கள், போர்வையோடு வாயையும் சேர்த்துப் போர்த்துவதுபோல.

திருமேனி நின்றான். "மச்சான்தான் வந்துட்டான்ல," என்றான். "அப்புறம் என்னா? வீட்டுக்கு வா, சோறு ஆறிப்போவும்."

சிங்காரவேலு அக்காள் முகத்தைப் பார்த்தான். பார்த்ததிலேயே கேள்விக்குப் பதில் கிடைத்தவன்போலத் தலையைக் குனிந்துகொண்டான். அமராவதி முந்தியில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்து, திருமேனியின் கையில் படாமல், அவன் காலடி மணலில் போட்டாள். தம்பியின் கையைத் தோளில் போட்டுக்கொண்டு, காலியான குடத்தை எடுத்துக்கொண்டு, அப்பன் வீட்டுத் தெருப் பக்கமாக நடந்தாள்.

கரையில் திருமேனி ஒருவன்தான் மிச்சம். அலை வந்து அவன் டேப்பின் நுனியை நனைத்தது. குனிந்து சாவியை எடுத்து இடுப்பில் சொருகினான். டேப்பைத் துரு ஏறாதபடி வேட்டி நுனியால் அங்குலம் அங்குலமாகத் துடைத்துச் சுருட்டினான். கடைசி மனையை எந்த அடியில் நிறுத்தினோம் என்று ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்து, மறக்காது என்று தெரிந்த பிறகு, திரும்பி நடந்தான்.